இரவும் பகலும் ஓடும் வேலையிடத்துக்குப் பன்னிரண்டு மணிநேரக் கடமைப் பட்டியல் போடுவது எப்படி

பெரும்போக நெல் வந்து குவியும் காலத்தில் இலங்கையின் கிழக்கே சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளில் பொயிலரை அணைக்க முடியாது. மீன்பிடியை நம்பிய ஐஸ் ஆலைகள், தனியார் வைத்தியசாலைகள், பாதுகாப்பு உத்தியோகத்தர்களை வழங்கும் நிறுவனங்கள் என மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இரவிலும் ஆள் நிற்க வேண்டிய இடங்கள் இன்னும் பல உள்ளன. இவற்றில் பன்னிரண்டு மணிநேர சிப்ட் விரும்பப்படுவதற்குக் காரணம் எளிது: ஒரு நாளில் இரண்டே முறை ஆள் மாறினால் போதும், ஊழியருக்கும் வேலைக்கு வந்து போகும் நாட்கள் குறையும். ஆனால் இரண்டு குழுவை மட்டும் வைத்து இதை ஓட்டினால் ஒருவர் வாரத்துக்கு 84 மணிநேரம் வேலை செய்கிறார். மூன்று குழு என்றால் 56 மணிநேரம். நான்கு குழு வந்த பின்னரே சராசரி 42 மணிநேரத்துக்கு இறங்கும். வாரத்தில் உள்ள 168 மணிநேரத்தை நான்கால் வகுத்தால் கிடைப்பது அதுதான். ஆகவே இந்த வழிகாட்டி நான்கு குழுக்களை அடிப்படையாகக் கொண்டே எழுதப்படுகிறது.

ஒரு பட்டியல் நல்லதா இல்லையா என்பதை அளக்க நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் நம்புகிறேன்: கடைசி இரவுக் கடமை முடிந்து வீடு போனவர், நன்றாகத் தூங்கி எழுந்த பின், அடுத்த கடமைக்கு முன் எத்தனை முழு நாட்களைத் தன்னுடையதாக வைத்திருக்கிறார்? காலை ஆறரைக்கு வேலை முடித்து வந்து மதியம் வரை தூங்கும் அந்த நாளையும் ஓய்வு நாள் என்று எழுதி வைக்கும் பட்டியல்கள் ஏராளம். அது ஓய்வு நாளன்று, தூங்கும் நாள். இதைத் தனியாக எண்ணாத பட்டியல் தாளில் அழகாக இருக்கும். மூன்றாம் மாதத்தில் ஆட்கள் விலகத் தொடங்குவார்கள்.

ஆட்கணக்கு

பட்டியலை வரைவதற்கு முன், எந்தப் பணியிடத்துக்கு உண்மையில் இரவில் ஆள் தேவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அரிசி ஆலையில் பொயிலரும் ட்ரையரும் இரவில் ஓடியே ஆக வேண்டும்; தராசு, களஞ்சியம், லொறியில் மூடை ஏற்றுவது ஆகியவை பகலோடு நிற்கலாம். பகலில் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்பதற்காக இரவிலும் பத்துப் பேரை நிறுத்துவது, தேவையில்லாத ஆறு பேரின் தூக்கத்தைக் கெடுப்பதாகும்.

பிறகு கணக்கு. ஒரு பணியிடத்துக்கு ஆண்டுக்கு 730 சிப்ட் வேண்டும். நான்கு குழுவில் ஒருவருக்கு வரும் பங்கு ஏறத்தாழ 182. இதிலிருந்து வருடாந்த விடுமுறை 14 நாட்களையும் அமய விடுமுறை 7 நாட்களையும் கழித்தால் 161 எஞ்சும். 730ஐ 161ஆல் வகுத்தால் நாலரைக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது ஒரே நேரத்தில் இருவர் நிற்க வேண்டிய இடத்துக்கு எட்டுப் பேர் போதாது, ஒன்பது பேராவது வேண்டும். காய்ச்சலையும் வீட்டுத் துக்கத்தையும் இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. முதலாளிமார் பெரும்பாலும் இந்த ஒன்பதாவது ஆளில்தான் சிக்கனம் பார்ப்பார்கள். அவர் இல்லாவிட்டால் விடுமுறையில் போகிறவரின் இடத்தை ஓய்வில் இருப்பவர் நிரப்புவார், ஓவர்டைம் என்ற பெயரில் அந்தச் சம்பளம் எப்படியும் போய்விடும்.

அந்த மாற்றாளுக்கும் பட்டியலில் ஒரு வரி இருக்க வேண்டும். “தேவைப்பட்டால் கூப்பிடுவோம்” என்று அவரை விட்டுவைத்தால், எந்நாளும் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்குகிறவராக அவர் ஆகிவிடுவார். எந்த நாட்களில் அழைக்கலாம், எந்த நாட்களில் அழைக்கவே கூடாது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். விடுமுறைக் கணக்கையும் அப்போதே தீர்த்துவிடுவது நல்லது. 14 நாள் விடுமுறை எட்டு மணிநேர நாளை மனதில் வைத்து வந்தது. பன்னிரண்டு மணிநேர சிப்ட் ஒன்றுக்கு விடுப்பு எடுத்தால் கழிவது ஒரு நாளா, ஒன்றரை நாளா என்பதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டால் ஆண்டு முடிவில் சண்டை நிச்சயம்.

சட்டம் போட்ட கோடுகள்

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டினது. அதன் கீழ் வரும் இடங்களில் வழமையான வேலை நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம். மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளை வேலை நேரத்தில் சேராது. இதைப் பன்னிரண்டு மணிநேர சிப்ட்டில் பொருத்திப் பார்த்தால் ஒரு மணிநேர இடைவேளை போக வேலை 11 மணிநேரம், அதில் மேலதிகம் 3 மணிநேரம். வாரத்துக்கு நான்கு சிப்ட் என்றால் மேலதிகம் சரியாக 12. ஐந்தாவது சிப்ட் வந்தவுடன் 15 ஆகி எல்லை மீறுகிறது. எந்தச் சுழற்சியைத் தெரிவு செய்வது என்பதற்கு இந்த ஒரு கணக்கே பாதி விடை. தொழிற்சாலைகள் பலவற்றுக்குச் சம்பளச் சபைகளின் விதிகள் தனியாக உண்டு என்பதால், உங்கள் இடம் எதன் கீழ் வருகிறது என்பதை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் பட்டியலை மேசையில் விரித்துக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

தொழிற்சாலையில் பெண்களை இரவில் நிறுத்துவதற்கு 1984இல் திருத்தப்பட்ட சட்டம் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது: அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்தக் கூடாது, தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும், மாதத்தில் பத்து இரவுகளுக்கு மேல் கூடாது, இரவு வேலைக்கு ஒன்றரை மடங்குக்குக் குறையாத கொடுப்பனவு வேண்டும். பகலில் வேலை செய்த பெண்ணை அதே நாளில் இரவு 10 மணிக்குப் பின் நிறுத்தவும் முடியாது. “இன்றைக்கு மட்டும் கொஞ்சம் நில் தங்கச்சி” என்று மேற்பார்வையாளர் சிப்ட்டை நீட்டுவது அங்கே சட்ட மீறலாகிவிடும்.

பௌர்ணமிப் போயா தினத்தில் வேலை செய்தால் ஒன்றரை நாள் சம்பளம். ஒரே குழுவுக்கே போயா வந்து விழுகிறதா என்று ஆண்டு நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். அந்தக் கூடுதல் சம்பளம் எல்லோரும் எதிர்பார்ப்பது.

சுழற்சியைத் தெரிவு செய்தல்

உலகில் பரவலாக வழங்கும் பன்னிரண்டு மணிநேரச் சுழற்சிகளில் மூன்றைப் பார்ப்போம். டூபொண்ட் முறை எனப்படுவது 28 நாள் சுழற்சி. அதில் தொடர்ந்து ஏழு நாள் ஓய்வு வரும் என்பதால் இளைஞர்கள் அதைக் கண்டதும் மயங்குவார்கள். ஆனால் அதே சுழற்சியில் மூன்று பகல், ஒரு நாள் இடைவெளி, மூன்று இரவு என ஏழு நாட்களுக்குள் ஆறு சிப்ட் செய்ய வேண்டிய கட்டம் ஒன்று உண்டு, 72 மணிநேரம். மேலே சொன்ன கணக்குப்படி அது நமக்கு ஒத்துவராது.

பிட்மன் முறை 14 நாள் சுழற்சி: இரண்டு நாள் வேலை, இரண்டு ஓய்வு, மூன்று வேலை, இரண்டு ஓய்வு, இரண்டு வேலை, மூன்று ஓய்வு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் வீட்டில் கிடைக்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் வாரத்தைத் திங்கட்கிழமையில் தொடங்கி எண்ணினால் ஒரு வாரத்தில் ஐந்து சிப்ட்டும் அடுத்த வாரத்தில் இரண்டும் வரும். ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கினால் நான்கும் மூன்றுமாகச் சமன்படும். ஆட்களின் உழைப்பு இரண்டிலும் ஒன்றே, மேலதிகக் கணக்கு மட்டும் மாறுகிறது. இந்த முறையை எடுப்பவர்கள் சம்பளப் பிரிவில் வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

என் தெரிவு எட்டு நாள் சுழற்சி. இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு நான்கு நாள் ஓய்வு. ப என்பது பகல், இ என்பது இரவு, ஓ என்பது ஓய்வு என்று வைத்துக்கொண்டு பலகையில் இப்படி எழுதலாம்:

முதற் குழு: ப ப இ இ ஓ ஓ ஓ ஓ
இரண்டாம் குழு: ஓ ஓ ப ப இ இ ஓ ஓ
மூன்றாம் குழு: ஓ ஓ ஓ ஓ ப ப இ இ
நான்காம் குழு: இ இ ஓ ஓ ஓ ஓ ப ப

எந்த நாளை எடுத்து மேலிருந்து கீழாக வாசித்தாலும் ஒரு ப, ஒரு இ, இரண்டு ஓ இருக்கும். இல்லையென்றால் எழுதியதில் பிழை. எந்த ஏழு நாளை வெட்டி எடுத்தாலும் ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு சிப்ட்தான், ஐந்து ஒருபோதும் வராது. மாதத்துக்கு எட்டு இரவுக்கு மேல் போகாது என்பதால் பெண்களுக்கான பத்து இரவு எல்லைக்குள்ளும் அடங்குகிறது. இரண்டாம் பகல் முடிவதற்கும் முதல் இரவு தொடங்குவதற்கும் இடையில் 24 மணிநேரம் கிடைக்கும். பகலிலிருந்து இரவுக்கு நகர்வது உடலுக்கு இலகு. எதிர்த்திசையில், இரவு முடித்துச் சிறிது ஓய்வோடு பகலுக்குத் திரும்புவதுதான் ஆளை முறிப்பது. இங்கே அந்தத் திரும்பலுக்கு முன் 96 மணிநேரம் இருக்கிறது. தூங்கும் நாளைக் கழித்தாலும் மூன்று முழு நாள் கையில் நிற்கும்.

குறையும் உண்டு. எட்டு நாள் சுழற்சி ஏழு நாள் வாரத்தோடு பொருந்தாது. ஒருவருக்கு அதே கிழமையில் அதே கடமை திரும்ப வர 56 நாள் ஆகும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் ஆலயம் போக வேண்டும் என்பவருக்கு இது நிம்மதி தராது. ஆனால் எட்டு வெள்ளிக்கிழமைகளை எடுத்தால் அவற்றில் நான்கு ஓய்விலும் (ஒன்று தூங்கும் நாள்) இரண்டு இரவுக் கடமையிலும் இரண்டு மட்டுமே பகல் கடமையிலும் விழும். ஜும்ஆவுக்குப் போகும் ஊழியருக்கு அந்த இரண்டு வெள்ளிகளில் மட்டும் சாப்பாட்டு இடைவேளையைத் தொழுகை நேரத்துக்கு மாற்றிக்கொடுத்தால் போதும். ஒரு குழு முழுவதும் ஒரே ஊரார், ஒரே சமயத்தார் என்று அமைந்துவிடாமல் காத்தான்குடியும் ஆரையம்பதியும், கல்முனையும் காரைதீவும் கலந்து நிற்கும்படி குழுக்களைப் பிரித்தால் இந்த மாற்றமும் பெருநாள், பொங்கல் மாற்றங்களும் குழுவுக்குள்ளேயே நடந்து முடியும். எழுதப்பட்ட எந்த விதியையும் விட இந்தக் கலப்பு பட்டியலைக் காப்பாற்றும்.

எத்தனை மணிக்கு மாறுவது

ஆறுக்கு ஆறு என்பது வழக்கம் என்பதால் பலர் யோசிப்பதில்லை. எங்கள் பக்கம் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ காலை 5.45க்கும் 6.20க்கும் இடையில் எழும், மாலை 5.40க்கும் 6.25க்கும் இடையில் மறையும். ஆறு மணி மாற்றத்துக்கு அரை மணிநேரம் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் தை மாதத்தில் நல்ல இருளில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஏழு மணி என்றால் காலை வெளிச்சமாகிவிடும், ஆனால் மாலை வீடு திரும்புகிறவர் முழு இருளில் போவார். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவருக்கு இது பெரிய விடயமன்று. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வீதிகளில், அம்பாறையின் உட்பகுதிகளில் போலவே, பொழுது சாய்ந்தால் யானை நிற்கும். மாலை இருட்டைத் தவிர்க்கும் மாற்று நேரம் எதுவும் இல்லை என்பதால், ஆறரையை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து ஊழியர்களை ஒரே குழுக்களில் சேர்த்து ஒரு வான் ஒழுங்கு செய்வதே சரி. கலந்த குழு என்று முன்பு சொன்னதற்கு இது மட்டும் விலக்கு.

இரவு முடித்துப் போகிறவருக்கும் அந்த வான் வேண்டும். தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் கவனத்துக்கு நிகராகக் குறைகிறது என்பது ஆய்வுகளில் கண்டது. முதல் இரவுக்கு முன் பகலில் தூங்காமல் வந்தவர் மறுநாள் காலை 24 மணிநேர விழிப்போடு கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். ஆகையால் முதல் இரவுக் கடமைக்கு வரும் நாளில் பிற்பகல் இரண்டு மணிநேரமாவது படுத்து எழும்ப வேண்டும் என்பதை வேலை விதியாகவே சொல்லுங்கள், அன்று எந்தக் கூட்டமும் பயிற்சியும் வைக்காதீர்கள்.

இரவுக்குள்

அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை, குறிப்பாக மூன்றிலிருந்து ஐந்து வரை, உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். பிழை பொறுக்காத வேலைகளை (மருந்து அளவு கணக்கிடுவது, வால்வு மாற்றுவது, இயந்திரத்தைப் பிரிப்பது) அந்த நேரத்துக்கு வைக்க வேண்டாம். இருவர் நிற்கும் இடத்தில் ஒருவர் மாறி ஒருவர் இருபது நிமிடம் படுக்க அனுமதிப்பது ஒழுக்கக் குறைவாகாது. மறைந்து தூங்குவதை நிறுத்தும் வழி அதுவே. பாயும் மின்விசிறியும் உள்ள ஓர் அறை இருந்தால் போதும். தேநீர் நள்ளிரவுக்கு முன்னும் இரண்டு மணியளவிலும் நல்லது. நான்கு மணிக்குப் பின் குடித்தால் வீட்டில் தூக்கம் பிடிக்காது. சோறும் இறைச்சியும் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பார் குறைவு.

கையளிக்கும் கால் மணிநேரம்

பன்னிரண்டு மணிநேரத்துக்கு வெளியே கால் மணிநேரம் இரு குழுவும் ஒன்றாக நிற்க வேண்டும், அதற்குச் சம்பளமும் வேண்டும். சாப்பாட்டு இடைவேளையைக் கால் மணிநேரம் நீட்டி இதை ஈடுசெய்யாவிட்டால், நான்கு சிப்ட் வரும் வாரத்தில் மேலதிகம் 12ஐத் தாண்டிவிடும். வருகிறவரும் போகிறவரும் இயந்திரத்தின் முன்னால் நின்று பேசுவதே கையளிப்பு. நுழைவாயிலில் “எல்லாம் ஓகே மச்சான்” என்று சொல்லிப் பிரிந்துவிட்டால், அடுத்து வருகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். புத்தகத்தில் ஒரு பதிவு இப்படி இருந்தால் பயன்படும்: “இரண்டாம் ட்ரையரில் அவித்த நாட்டரிசி நெல், 5.40க்கு ஈரப்பதன் 17, 14க்கு இறங்கியதும் இறக்கவும். பொயிலர் நீர்மட்டக் கண்ணாடி 4 மணிக்குக் கழுவப்பட்டது. மூன்றாம் எலிவேட்டர் பெல்ட் ஓரத்தில் பிய்கிறது, வேகத்தைக் கூட்ட வேண்டாம், பிற்றர் காலை எட்டுக்கு வருவார்.” எண், நேரம், அடுத்துச் செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் அதில் உள்ளன. “சரியாக ஓடுகிறது” என்று மட்டும் எழுதியவரிடம் மேற்பார்வையாளர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எட்டு நாள் சுழற்சியில் நான்கு குழுக்களும் ஒன்றையொன்று நேரில் சந்தித்துவிடும். ஆனால் முதற் குழுவும் மூன்றாம் குழுவும், அதேபோல் இரண்டாவதும் நான்காவதும், எட்டு நாளில் இரண்டு காலைகளில் மட்டுமே சந்திக்கின்றன. மனத்தாங்கல் பெரும்பாலும் அந்தச் சோடிகளுக்கிடையில் வளரும் என்பதால் மேற்பார்வையாளர் அந்தக் காலைகளில் அங்கே நிற்பது நல்லது.

ஆண்டைப் பார்த்துத் திருத்துதல்

நோன்பு மாதத்தில் ஆறரை மாற்றம் இடைஞ்சல் தரும். நோன்பு துறக்கும் நேரத்துக்குச் சரியாக இரவுக் குழு வீதியில் இருக்கும். அந்த மாதம் மட்டும் ஏழுக்கு மாற்றினால் வருகிறவர் வீட்டில் துறந்துவிட்டு வரலாம், பகல் குழு வேலையிடத்தில் துறந்துவிட்டுத் தராவீஹ் தொழுகைக்குப் போய்ச் சேரலாம். நோன்பாளி பொயிலர் அருகே நிற்கும் கடின வேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடிக்கும்படி அடுக்குங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும், ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தமும், கதிர்காம யாத்திரையும் வரும். அந்த நாட்களுக்கான விடுமுறைக் கோரிக்கைகளை இரண்டு மாதம் முன்பே வாங்கினால் மாற்றாளை எங்கே நிறுத்துவது என்பது தெளிவாகும். சிப்ட்டை ஒருவரோடு ஒருவர் மாற்றிக்கொள்வதற்கு அனுமதி கொடுக்கலாம், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றத்தால் எவருக்கும் தொடர்ந்து நான்கு இரவோ 24 மணிநேர நிற்றலோ வரக் கூடாது. கடன் பட்டவர்களும் வயல் செய்கிறவர்களும்தான் அதிகமாக மாற்றிக் கேட்பார்கள். அறுவடைக் காலத்தில் பகல் முழுவதும் வயலில் நின்றுவிட்டு இரவுக் கடமைக்கு வருகிறவரை மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. கார்த்திகை, மார்கழியில் மாவடிப்பள்ளி வீதி போன்ற தாழ்ந்த இடங்கள் வெள்ளத்தில் மூழ்கினால் காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே அடுத்த குழு வந்து சேராது. இதற்கான பக்கத்தை மழைக்கு முன்பே எழுதி வையுங்கள்: ஆலையிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் இருவரின் பெயர், மாட்டிக்கொண்ட குழுவுக்கு அரிசி, பருப்பு, குடிநீர், படுக்கை, ஜெனரேட்டர் எரிபொருள். எவரும் தொடர்ந்து 16 மணிநேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. மாற்று ஆள் வராவிட்டால் இருப்பவர்களை இரண்டாகப் பிரித்து நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை பாதிப் பேரைப் படுக்க வைத்து, பொயிலரின் தீயைக் குறைத்து, புதிதாக நெல் அவிப்பதை நிறுத்திவிட வேண்டும். தீயைக் குறைக்கும் முடிவை எடுக்க அன்றிரவு நிற்கும் குழுத் தலைவருக்கே அதிகாரம் உண்டு என்பதை முதலாளியின் கையெழுத்தோடு அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.